பின்னாலிருந்து எழுதிய நோட்டு

நம் பேச்சுப் பயிற்சி மையப் படிவத்தின் நான்காவது கட்டத்தைப் புதிதாக வந்த உங்களில் இரண்டு பேர் காலியாகவே விட்டு அனுப்புகிறீர்கள். ஏன் என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டால் அம்மாக்கள் அழுகிறார்கள், முதல் நாளே அழவைக்க மனம் வரவில்லை என்றார் ஒருவர். வேறெந்த மையத்தின் படிவத்திலும் இப்படி ஒரு கட்டம் இல்லையே என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். ‘முன்பு சொல்லிக்கொண்டிருந்து இப்போது சொல்லாத வார்த்தைகள்’ என்ற அந்தக் கட்டம் என் தவறால் வந்தது. எப்படி வந்தது என்று சொல்கிறேன். அதற்குப் பிறகும் காலியாக விடத் தோன்றினால் விடுங்கள்.

இம்மாதிரி விஷயங்களை ஓய்வு பெற்றபின் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. இருபத்தாறு வருஷம் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது, உங்களிடம் வரப்போகும் குழந்தைகளுக்கு அவகாசமும் கிடையாது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் தவறு அங்கேதான் தொடங்குகிறது. நான் கேம்ப்பில், இந்த மராத்தி ஊரின் பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதியில், பிறந்து வளர்ந்தவள். கன்டோன்மென்ட் அலுவலக வேலைக்காக என் தாத்தாவின் அப்பா இங்கே வந்தார், அதன்பின் யாரும் திரும்பிப் போகவில்லை. வீட்டில் தமிழ், ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை. அதைத் தவிர மற்றதெல்லாம் இந்தி, மராத்தி, ஆங்கிலம். எங்கள் தமிழ் எப்படியிருக்கும் என்றால், “ரிக்‌ஷாவாலா காலிபீலி தக்லீஃப் குடுக்கறான், நீ பாஜி வாங்கிட்டு வந்துரு” என்று என் அம்மா சொல்வார். காலிபீலி தக்லீஃப் என்றால் எங்களுக்கு வீண் தொந்தரவு, பாஜி என்றால் காய்கறி. இதைச் சொல்லி ஒரு சென்னைக்காரத் தோழி கல்லூரி விடுதி முழுவதையும் சிரிக்கவைத்தாள். இருபது வயதில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தேன். இன்றைக்கு இதையெல்லாம் எழுத முடிகிறது. வாய் திறந்தால் மட்டும் இன்னும் கேம்ப்தான்.

அதனால்தானோ என்னவோ, வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று எந்தப் பள்ளிக்கூடமாவது ஒரு குடும்பத்துக்குச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு கெட்டுப்போகாது. இது சரியான விஷயம். இன்றைக்கும் சரிதான். சரியான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய தவறு செய்யலாம் என்பதுதான் இந்தக் கதை.

யாழினி வந்தபோது அவளுக்கு நாலரை வயது. ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து இந்த ஊரின் கோந்த்வா பகுதிக்குக் குடிவந்திருந்தார்கள். அப்பா கார்த்திக்குக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அம்மா சுகன்யா கோவையில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்த்தவர், இங்கே வந்தபின் வீட்டில் இருந்தார். ஆகஸ்ட்டில், நல்ல மழையில், சுகன்யா குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். “கோயமுத்தூர்ல வாய் ஓயாதுங்க இவளுக்கு. இங்க வந்ததுல இருந்து பேச்சே கொறஞ்சு போச்சு. கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டேங்கறா” என்றார். கையில் பள்ளிக்கூடம் கொடுத்த ஒரு கடிதம். கோவையில் எடுத்த காதுப் பரிசோதனை அறிக்கையும் இருந்தது. எனக்குச் சந்தேகம், இங்கேயும் ஒருமுறை எடுக்கச் சொன்னேன். காது நன்றாகக் கேட்டது.

பள்ளியின் கடிதத்தில் இரண்டே வாக்கியம். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்பது முதலாவது. தனியாக உட்காரவைத்து, சைகை இல்லாமல் சொன்னால் குழந்தைக்கு எதுவுமே புரிவதாகத் தெரியவில்லை என்பது இரண்டாவது. முதல் வாக்கியத்தின் கீழே நான் சிவப்பில் இரண்டு கோடு போட்டேன். இரண்டாவது வாக்கியத்தைப் படித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

புதிய மொழிக்குள் தூக்கிப் போடப்பட்ட குழந்தை சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்களும் படித்திருப்பீர்கள். அப்படித்தான் என்று சுகன்யாவிடம் சொன்னேன். ஆனால் அந்த மௌனம் வெளியில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தால் வீட்டு மொழியில் பொழிந்து தள்ளும். ஆகவே தமிழ் எப்படியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதைக் கேளுங்கள்.

நான்கு படங்களை மேஜையில் பரப்பி, “பூனை எங்க இருக்கு?” என்று யாழினியிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பஸ் படத்தைத் தொட்டாள். “குடை எது?” மறுபடி சிரிப்பு, மறுபடி பஸ். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கோயம்புத்தூர்க் குழந்தைக்கு என் தமிழ் புரியவில்லை என்று நினைத்தேன். விடுதியில் கேட்ட அதே சிரிப்பு எனக்குள் கேட்டது. அந்த நிமிஷம் நான் பரிசோதித்தது குழந்தையை அல்ல, என்னை. அதில் நான் தோற்றுவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

“நீங்களே கேளுங்க” என்று சுகன்யாவிடம் சொன்னேன். அவர் குனிந்து, “பூனக்குட்டி எங்க, காட்டு சாமி” என்றார். அவர் கண் பூனைப் படத்துக்குப் போனது. முகவாய் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது. யாழினி அம்மாவின் கண்ணைப் பார்த்து, அது போன வழியே போய்ப் பூனையைத் தொட்டாள். குடை, செருப்பு, இரண்டும் சரி. நான் எழுதினேன்: வீட்டு வழக்கில் கேட்டால் நன்றாகப் புரிகிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். குழந்தையின் ஊர்ப் பேச்சிலேயே சோதனை நடக்கவேண்டும் என்று அறிக்கையில் ஒரு பத்தி வேறு சேர்த்தேன். அந்தப் பத்தியில் எனக்குப் பெருமை.

அதே கையோடு பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டரைப் பக்கம். தாய்மொழி, உரிமை, ஆராய்ச்சி எல்லாம் அதில் இருந்தது. பள்ளி பணிந்தது, அப்புறம் அவர்கள் வாயே திறக்கவில்லை. கார்த்திக் போனில் கூப்பிட்டு, “இந்த ஊர்ல எங்க பக்கம் நின்ன ஒரே ஆள் நீங்கதான் மேடம்” என்றார். பள்ளியின் யோசனை தவறு. ஆனால் அவர்கள் கண்ணால் பார்த்தது சரி. யோசனையை அடித்து விரட்டிய வேகத்தில் அவர்கள் பார்த்ததையும் சேர்த்தே விரட்டிவிட்டேன்.

அப்புறம் நோட்டு. நாற்பது பக்கச் சின்ன நோட்டு ஒன்றைச் சுகன்யாவிடம் கொடுத்தேன். குழந்தை புதிதாகச் சொல்லும் வார்த்தையை அன்றன்றைக்கு எழுதிவரச் சொன்னேன். முதல் வாரம் அவர் எழுதிவந்ததைப் பார்த்து, கைதட்டினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் சிவப்புப் பேனாவில் நட்சத்திரம் போட்டேன். வாரா வாரம் வந்தார்கள். வாரா வாரம் நட்சத்திரம். வார்த்தைகள் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. ‘பா’, ‘பை’, ‘டா’. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு அது போதுமாயிருந்தது. சுகன்யா ஓரிரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கவலையே வேண்டாம், நன்றாகப் போகிறது என்று நான் முந்திக்கொண்டேன். எனக்கு வேகம் அதிகம். எதிரில் இருப்பவர் வாக்கியத்தை நானே முடித்துவைப்பேன். என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஐந்து மாதம் போனது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சுகன்யாவுக்குக் காய்ச்சல் என்று கார்த்திக் குழந்தையைக் கூட்டிவந்தார். அவர் மையத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அதே படங்களைப் பரப்பி, வழக்கம்போல, நீங்களே கேளுங்கள் என்றேன். அதே நேரம் அவருக்கு ஆபீசிலிருந்து செய்தி வந்தது. போனைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல், “யாழி, பூனைய எடு” என்றார்.

யாழினி அப்பாவின் வாயைப் பார்த்தாள். கட்டியிருந்த கைகளைப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பஸ் படத்தைத் தொட்டாள்.

“வெளையாடாத கண்ணு. பூனை, பூனை.”

பஸ்.

அவருடைய தமிழ் சுத்தமான கோயம்புத்தூர்த் தமிழ். அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்த குரல். என் ஐந்து மாத விளக்கம் அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போனது. காது கேட்கிறது, சிரிக்கிறாள், முகத்தைப் படிக்கிறாள், படத்தைத் தொட வேண்டும் என்பதுகூடத் தெரிகிறது. அப்பா சொன்ன ‘பூனை’ மட்டும் அவளுக்கு வெறும் சத்தம். கோவையில் வாய் ஓயாமல் பேசிய குழந்தைக்கு.

நோட்டைக் கேட்டேன். கார்த்திக் பையிலிருந்து அதைத் தலைகீழாக எடுத்துக் கொடுத்தார். அப்படியே பிரித்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி சுகன்யாவின் பொடி எழுத்தில் இன்னொரு பட்டியல் இருந்தது. ‘கரண்டு போச்சு - இப்ப சொல்றதில்ல.’ ‘எனக்கு வேணாம் போ - இல்ல.’ ‘சித்தப்பா - இல்ல.’ ‘மழை வருது - இல்ல.’ முழு முழு வாக்கியங்கள்கூட இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. இரண்டு பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

இனிச் சொல்லப்போவதைக் கவனியுங்கள். உங்களுக்கும் இந்த இடம் வரும். கார்த்திக் சிரித்த முகத்தோடு நிற்கிறார், நன்றாகப் போகிறது என்று நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் அம்மாவையும் வரச்சொல்லிவிட்டு, நடுவில் சத்தமில்லாமல் அறிக்கையைத் திருத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு நிமிஷம் மேஜையிலிருந்த படங்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் கேட்டேன், தூக்கத்தில் ஏதாவது வித்தியாசமாக இருக்கிறதா என்று. அதற்கென்ன என்பதுபோலச் சொன்னார், “அப்பப்ப வாய் ஒரு பக்கமா இழுக்கும், எச்சி ஒழுகும் மேடம். கனவு காணறான்னு நெனச்சோம்.”

முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. நான் அன்றைக்குத் தாய்மொழி உரிமையில் மும்முரமாக இருந்தேன்.

அவரை உட்காரவைத்து, இது புது ஊர் மௌனம் அல்ல, நான் தவறாகச் சொல்லிவிட்டேன், இன்றைக்கே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. “நோட்டு நெறைய ஸ்டார் போட்டிருக்கீங்களே” என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே சந்தேகம்தான்.

தலையில் ஒயர்களை ஒட்டி, தூங்கவைத்து, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள். விழித்திருக்கும்போது வலிப்பு என்று எதுவும் இல்லாமலே, தூக்கம் முழுக்க மூளையில் ஓயாமல் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. கேட்ட பேச்சை மொழியாக எடுத்துக்கொள்ளும் இடத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருந்தது. அரிதாக வரும் ஒருவகை வலிப்பு நோய். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தையின் பேச்சைத்தான் அது எடுத்துக்கொண்டு போகும். மருத்துவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான், சொன்னது புரியாமல் இருந்தது எப்போதிலிருந்து என்று. நான் பார்த்த முதல் நாளிலிருந்து என்றேன். அவர் திட்டவில்லை. தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுகன்யா உட்கார்ந்திருந்தார். யாழினி அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள், ஒயர் ஒட்டிய பசை தலைமுடியில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாளே நான் கண்டுபிடித்திருக்கவேண்டும் என்றேன். என் தமிழைக் குற்றம் சொல்லிக்கொண்டு உங்கள் குழந்தையைப் பார்க்காமல் விட்டேன் என்றேன். அவர் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் அந்தப் பின்பக்கத்தை எனக்குக் காட்டவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பழியில் ஒரு துளியை அவர் பக்கம் நகர்த்தப் பார்த்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மொத வாரம் வார்த்த எழுதிட்டு வந்தப்ப நீங்க கை தட்டுனீங்க. அவளுக்கு இல்லீங்க, எனக்குத் தட்டுனீங்க. இந்த ஊருக்கு வந்து அதுவரைக்கும் யாரும் என்னைய நல்லா செஞ்சேன்னு சொன்னதில்ல. அதுக்கப்புறம் போனதை எல்லாம் எப்படிங்க உங்ககிட்ட கொண்டுவந்து காட்டறது? உங்க மூஞ்சி வாடிப்போகுமே.”

அவர் மறுபடி பசையைச் சுரண்டத் தொடங்கினார். “எழுதி வெச்சா என்னைக்காவது நீங்களே திருப்பிப் பாப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார். அப்புறம் குழந்தை புரண்டு படுத்தது, அவர் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

மருந்து தொடங்கினார்கள். அந்த மருந்தால் சில மாதம் முகம் வீங்கி, எப்போதும் பசி பசி என்று, அடையாளமே தெரியாமல் இருந்தாள். மூளையில் வெட்டிய மின்னல் அடங்கியது. பேச்சு அப்படித் திரும்பவில்லை. இப்போது அவளுக்கு எட்டு வயது. எதிரில் நின்று மெதுவாகச் சொன்னால் சின்ன வாக்கியம் புரிகிறது. கையால் பேசுகிறாள், படம் காட்டிப் பேசுகிறாள், வாயால் சில வார்த்தை. சிறப்புக் கல்வி உள்ள வேறொரு பள்ளியில் படிக்கிறாள். ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். அது ஆறுதல் என்று நினைத்துவிடாதீர்கள். ஆம் என்றாலாவது ஒரு எல்லை இருக்கும்.

நான் இந்த வேலையை விட்டுவிடப் பார்த்தேன். விடவில்லை. சுகன்யா வேறு ஆளிடம் போகாமல் என்னிடமே வந்ததுதான் காரணம். ஏன் என்று கேட்டதற்கு, “இனி நீங்க பாத்துதான பண்ணுவீங்க” என்றார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை. கார்த்திக் இன்றுவரை என்னிடம் நேராகப் பேசுவதில்லை. குழந்தையை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு வண்டியிலேயே இருப்பார்.

நம்மில் பலரும் வெளியூர்த் தமிழர்கள். மும்பையில், அகமதாபாத்தில், இங்கே. நம் தமிழைப் பற்றி நமக்கே கூச்சம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பம் எதிரில் உட்கார்ந்தால் அந்தக் கூச்சமும் கூடவே வந்து உட்காரும். வரட்டும். ஆனால் குழந்தை பதில் சொல்லாதபோது, என் பேச்சுதான் கோளாறு என்று பணிவாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பார்க்கப் பணிவு மாதிரி இருக்கும், கவனமெல்லாம் நம் மேலேயே இருக்கும். அம்மாவையோ அப்பாவையோ குழந்தைக்குப் பின்னால் நிற்கவைத்து, முகம் தெரியாமல், கை அசையாமல் கேட்கச் சொல்லுங்கள். அரை நிமிஷ வேலை. நான் செய்யாதது அதுதான்.

சுகன்யாவின் அந்தப் பின்பக்கப் பட்டியலைத்தான் நான்காவது கட்டமாகப் படிவத்தில் சேர்த்தேன். அதைக் கேட்கும்போது பேனாவைக் கீழே வையுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், முக்கியமாக என்னைப் போன்ற வேகக்காரர்கள். அழுவார்கள். அழட்டும். உங்கள் முகம் வாடிவிடுமோ என்று ஓர் அம்மா பயந்து மறைக்கும் அளவுக்கு உற்சாகமாக இருக்காதீர்கள்.

அந்த நோட்டைச் சுகன்யா எனக்குத் தரவில்லை. ஒரே ஒரு தாளை மட்டும் நகலெடுத்துக்கொள்ள விட்டார். முன்னாலிருந்து நட்சத்திரப் பட்டியலும் பின்னாலிருந்து அவருடைய பட்டியலும் வளர்ந்து வளர்ந்து நடுவில் சந்தித்த தாள் அது. இரண்டு பக்கமும் ஒரே வாரத்துத் தேதி. முன்பக்கத்தில் ‘பை’ என்று எழுதியிருக்கிறார். பக்கத்தில் என் நட்சத்திரம், அதன் கீழே நான் எழுதியது: ‘பிரமாதம், அம்மா!’ தாளைத் திருப்பினால் அவருடைய பட்டியலின் கடைசி வரி: ‘அம்மா - இப்ப கூப்பிடறதில்ல.’

சிவப்பு மை அழுத்தி எழுதியிருக்கிறேன். நட்சத்திரம் ஊறி அந்த வரியின் மேல் தெரிகிறது. இரண்டு பக்கத்தின் நகலும் என் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. படிவத்தைக் காலியாக அனுப்பிய இரண்டு பேரும் திங்கட்கிழமை வந்து பாருங்கள். சாவி மேஜையிலேயே இருக்கும்.